எத்தனை டூட்டி விடுவிக்கும்? ஐசியூ மருத்துவருக்கான ஆய்வு நிதிகள்

கோவைப் பக்கம் ஒரு அறக்கட்டளை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஏதாவது ஒரு நிதி அறிவிப்பு வந்துவிட்டால் போதும், உடன் இருக்கும் இளம் டாக்டர்கள் அதை வாட்ஸ்அப்பில் எனக்குத் தள்ளிவிட்டு, "மேடம், இதுக்குப் போடலாமா?" என்று கேட்பார்கள். ஆளாளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட, தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று தோன்றியது. ஹோட்டலுக்கும் மிக்ஸிக்கும் விமர்சனம் எழுதுகிறார்கள். நம்மிடமிருந்து ஐந்து வருஷத்தை எழுதி வாங்கிக்கொள்ளும் ஆய்வு நிதிக்கு ஒருவரும் எழுதுவதில்லை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொகையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். இந்த நிதி கிடைத்தால் ரோஸ்டரில் என் பெயர் எத்தனை டூட்டியிலிருந்து விலகும் என்பதுதான் முதல் கேள்வி. பதில் "ஒன்றுமில்லை" என்றால், கோடி ரூபாய் வந்தாலும் அந்த ஆய்வை இரவு டூட்டி முடித்த கண்ணோடு மதியம் உட்கார்ந்து செய்ய வேண்டியதுதான். அப்படி முடித்த ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றின் டேட்டா ஷீட்டைத் திறந்து பார்த்தால் பாதிக் கட்டங்கள் காலியாக இருக்கும்.

இந்த விஷயத்தில் வெளிநாடுகள் கறாராக இருக்கின்றன. அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச் இளம் மருத்துவ ஆய்வாளர்களுக்குத் தரும் கே-23 நிதியை வாங்கினால், உங்கள் வேலை நேரத்தில் 75 சதவீதம் ஆய்வுக்குப் போக வேண்டும். அறுவை மருத்துவர்களுக்கு மட்டும் அது 50 சதவீதம் வரை இறங்கலாம். இங்கிலாந்தில் அதுபோன்ற அரசு அமைப்பான என்ஐஎச்ஆர் நடத்தும் அகாடமிக் கிளினிக்கல் ஃபெலோஷிப்பில், மேற்படிப்புப் பயிற்சியில் இருக்கும் டாக்டருக்கே கால்வாசி நேரம் ஆய்வுக்கென்று ஒதுக்கப்படுகிறது. நம் ஊரில் "ஆராய்ச்சி பண்றீங்களா, நல்லது, ஓய்வு நேரத்தில் பண்ணுங்க" என்பதுதான் பொதுவான ஆசீர்வாதம்.

ஐசியூ ஆய்வுக்கு ஏன் இவ்வளவு நேரம் வேண்டும் என்று மற்றத் துறைக்காரர்கள் கேட்பதுண்டு. ஓபியில் நடக்கும் ஆய்வில் நோயாளி பத்து மணிக்கு வருவார், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார், அடுத்த மாதம் திரும்பி வருவார். எங்களிடம் வருபவர் இரவு இரண்டு மணிக்கு, நினைவில்லாமல், குழாய் போட்ட நிலையில் வருகிறார். ஒப்புதல் தர வேண்டியது சட்டப்படி அவர் சார்பில் பேசத்தக்க உறவினர். அவரோ வெளியே பெஞ்சில் அழுதுகொண்டிருப்பார், அல்லது ஊரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். ஆய்வில் சேர்க்க ஆறு மணி நேரம்தான் கெடு என்று புரோட்டோகாலில் எழுதியிருப்போம். அந்த ஆறு மணி நேரத்தில் அந்த உறவினரிடம் உட்கார்ந்து, அவசரப்படுத்தாமல், தமிழில் எல்லாவற்றையும் விளக்க ஒரு ஆள் வேண்டும். டூட்டி டாக்டரால் அது முடியாது. அவருக்கு நான்காம் படுக்கையில் பிரஷர் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே எந்த நிதியாக இருந்தாலும் இரண்டாவதாக நான் தேடுவது, ரிசர்ச் நர்ஸுக்குச் சம்பளம் போட அதில் இடம் இருக்கிறதா என்பது.

இளம் ஆய்வாளர்கள் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். வருகிற பத்துப் புரொபோசலில் ஏழில் "இறப்பைக் குறைக்கிறதா" என்றுதான் எழுதியிருக்கும். முப்பது சதவீத இறப்பை ஒரு சிகிச்சை இருபத்தைந்தாகக் குறைக்கிறது என்று காட்ட, வழக்கமான 80 சதவீத பவர் (உண்மையில் வித்தியாசம் இருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழை வரம்பு என்று வைத்துக்கொண்டால், சிகிச்சை பெறுபவர், பெறாதவர் என்ற இரண்டு பிரிவில் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 1,250 பேர் வேண்டும். மொத்தம் 2,500. ஒற்றை ஐசியூவில் தகுதியான செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) நோயாளிகளை மட்டும் பொறுக்கி எடுத்தால் நாம் ரிட்டையர் ஆகும்வரை நடக்கும். நிதி தருபவர்களின் நிபுணர் குழு இந்தக் கணக்கை முதல் பக்கத்திலேயே போட்டுவிடும். முதல் நிதிக்குச் சின்னக் கேள்வி போதும். வென்டிலேட்டர் நாட்கள், ட்யூப் எடுத்தபின் மறுபடி போட வேண்டி வருவது, சிறுநீரகம் தேறுவது என்று எண்ணிக்கை எட்டும் விஷயங்களாகப் பாருங்கள்.

சரி, இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

என் பட்டியலில் முதலிடம் இந்தியா அலையன்ஸுக்கு. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் லண்டனின் வெல்கம் டிரஸ்ட்டும் சேர்ந்து 2008 வாக்கில் தொடங்கியது. அடிப்படை அறிவியலுக்கு ஒரு வழி, மருத்துவம் மற்றும் பொதுச் சுகாதார ஆய்வுக்குத் தனி வழி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது வழிதான் நமக்கு. எலியையும் செல்லையும் வைத்து வேலை செய்பவரோடு படுக்கையோரத்தில் வேலை செய்யும் டாக்டரை ஒரே வரிசையில் நிறுத்தி மதிப்பெண் போடும் கொடுமை இங்கே இல்லை. ஆரம்பநிலை ஃபெலோஷிப் ஐந்து ஆண்டு. உங்கள் சம்பளமும் அந்த நிதியிலிருந்தே வருகிறது. எனக்கு இது முக்கியம். சம்பளம் வெளியிலிருந்து வரும்போது மருத்துவமனை நிர்வாகத்திடம் பேசும் குரலே மாறிவிடும். வெளிநாட்டில் சில காலம் போய் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு வரவும் பட்ஜெட்டில் இடம் உண்டு.

வயது வரம்பு இல்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும். எம்பிபிஎஸ் முடிக்கவே இருபத்துநாலு ஆகிறது. நீட் பிஜி, எம்டி, பாண்டு, பிறகு டிஎம் என்ற சிறப்புத் துறைப் படிப்பு என்று வெளியே வரும்போது முப்பத்துநாலு. நடுவில் கல்யாணம், குழந்தை. எங்கள் யூனிட்டில் இருந்த ஒரு பெண் டாக்டர் குழந்தைக்காக இரண்டு ஆண்டு விட்டுவிட்டு வந்தவர். வேறு பல திட்டங்களில் அவர் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்து நின்றுவிட்டார். இங்கே அந்தக் கேள்வியே எழவில்லை.

இந்த நிதியால் என்ன வந்தது என்று கேட்டால், காட்ட நம் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது. வேலூர் சிஎம்சி தலைமையில் பல மையங்களில் நடந்த இன்ட்ரெஸ்ட் ஆய்வு. ஒரு வகைப் பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைபஸ் காய்ச்சல் தீவிரமான நோயாளிகளுக்கு டாக்ஸிசைக்ளின் நல்லதா, அசித்ரோமைசின் நல்லதா, இரண்டும் சேர்த்தா என்பது கேள்வி. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் மூச்சுத்திணறலோடு ஐசியூவுக்கு வரும் காய்ச்சல் நோயாளியைப் பார்த்த எந்தத் தமிழ்நாட்டு டாக்டருக்கும் இது வெறும் புத்தகக் கேள்வி கிடையாது. 794 நோயாளிகளைச் சேர்த்தார்கள். இறப்பு, ஏழாம் நாளிலும் நீடிக்கும் சிக்கல், ஐந்தாம் நாளிலும் நீடிக்கும் காய்ச்சல் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது, இரண்டு மருந்தும் வாங்கியவர்களில் 33 சதவீதம், டாக்ஸி மட்டும் வாங்கியவர்களில் 47, அசித்ரோ மட்டும் வாங்கியவர்களில் 48. 2023 மார்ச்சில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. நிதி: இந்தியா அலையன்ஸ், வெல்கம். அதைப் படித்த வாரமே எங்கள் யூனிட்டின் மருந்துச் சீட்டு மாறிவிட்டது. எலி மாதிரியில் ஒரு புரதம் ஏறியது, இறங்கியது என்ற ஆய்வுக்கும் மதிப்பு உண்டுதான். ஆனால் எனக்குப் பிடித்தது இதுதான். இறப்பை மட்டும் முடிவாக வைத்துக்கொள்ளாமல் மூன்றைச் சேர்த்து வைத்ததால் எண்ணிக்கை எப்படிக் கைக்கு எட்டியது என்பதையும் கவனியுங்கள்.

குறை இல்லாமல் இல்லை. விண்ணப்பம் நீளமானது. முதல்கட்ட விண்ணப்பம், முழு விண்ணப்பம், வெளி நிபுணர்களின் மதிப்பீடு, நேர்காணல் என்று போகும். டூட்டி செய்துகொண்டே அதை எழுதுவது பெரிய பாடு. அதைவிடப் பெரிய குறை: லாப நோக்கமில்லாத நிறுவனத்தில்தான் ஃபெலோஷிப்பை வைத்துக்கொள்ள முடியும். விதி நியாயமானதுதான். ஆனால் இந்த ஊரில் இன்டென்சிவிஸ்ட்டுகளில், அதாவது ஐசியூ நிபுணர்களில், பெரும்பாலோர் எங்கே வேலை பார்க்கிறார்கள்? கார்ப்பரேட் மருத்துவமனைகளில். நல்ல வென்டிலேட்டர், நல்ல மானிட்டர், கணினியில் பதிவேடு எல்லாம் இருக்கும் இடத்தில் உள்ள டாக்டர் தகுதி பெறுவதில்லை. அவர் ஆய்வு செய்ய வேண்டுமானால் வேலையை விட்டு, மாசச் சம்பளத்தில் பாதியை விட்டு, வேறு ஊருக்குப் போக வேண்டும். வீட்டுக் கடன் இருப்பவர்கள் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்வார்கள்.

திட்டம் நிற்கப்போகிறதா என்ற சந்தேகம் நடுவில் பலருக்கும் இருந்தது. 2025 அக்டோபரில் மத்திய அமைச்சரவை மூன்றாம் கட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மொத்தம் 1,500 கோடி, அதில் 1,000 கோடி அரசு, 500 கோடி வெல்கம். ஆரம்பநிலை, இடைநிலை ஃபெலோஷிப்புகள் தொடர்கின்றன. அழைப்பு வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. அதனால் கருத்து, தரவு, வழிகாட்டி மூன்றையும் முன்பே தயாராக வைத்திருப்பவர்தான் போட முடியும். ஐந்துக்கு நாலரை நட்சத்திரம் கொடுப்பேன். அந்த அரை போனது கார்ப்பரேட் டாக்டர்களுக்காக.

அடுத்தது ஐசிஎம்ஆர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் என்று முழுப்பெயரில் எங்கள் வட்டாரத்தில் யாரும் சொல்வதில்லை. ஸ்மால் கிராண்ட் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். பெயர்தான் சின்னது, கேட்கக்கூடிய தொகை ஒரு இளம் ஐசியூ மருத்துவருக்குத் தேவைப்படுவதைவிட அதிகம். பிராஜக்ட் நர்ஸ், டேட்டா எண்ட்ரி ஆள், பரிசோதனைச் செலவு எல்லாம் கேட்கலாம். தனியார் நிறுவனம் என்றால் டிஎஸ்ஐஆர் (மத்திய அரசின் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறை) அங்கீகாரம் கேட்பார்கள். விண்ணப்பம் எழுதத் தொடங்கும் முன்பே உங்கள் நிர்வாக அலுவலகத்தில் அந்தச் சான்றிதழ் உயிரோடு இருக்கிறதா, காலாவதியாகிவிட்டதா என்று விசாரியுங்கள். எங்கள் பக்கத்தில் பலருக்கு அப்படி ஒரு சான்றிதழ் உண்டு என்பதே கடைசி நாளில்தான் தெரிய வருகிறது.

ஐசிஎம்ஆரின் பலம், நம் நோய்களைப் பற்றிய கேள்வி என்றால் அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்பது. பாம்புக்கடி, பூச்சிமருந்து, டெங்கு, லெப்டோ எனும் எலிக்காய்ச்சல், காசநோயோடு ஐசியூவுக்கு வருபவர்கள் என்று எதை எழுதினாலும் "இது ஏன் முக்கியம்" என்று ஒரு பக்கம் வீணடிக்க வேண்டாம். வேகமாகச் செய்யவும் தெரியும். 2020-இல் கோவிட் உச்சத்தில் பிளாஸ்மா சிகிச்சைக்கு ஊரே அலைந்தபோது, 39 மருத்துவமனைகளில் 464 நோயாளிகளை வைத்து பிளாசிட் ஆய்வை நடத்தி, பயனில்லை என்று அதே ஆண்டு பிஎம்ஜே மருத்துவ இதழில் போட்டார்கள். அரசு மருத்துவமனையும் தனியாரும் ஒரே புரோட்டோகாலில் வேலை செய்தார்கள். சொந்தப் பந்தத்தில் எத்தனை பேர் பிளாஸ்மா கேட்டு எனக்கு இரவில் போன் செய்தார்கள் என்பது தனிக்கதை.

என் அளவுகோலில் மட்டும் ஐசிஎம்ஆர் கொஞ்சம் கீழே இறங்குகிறது. ஸ்மால் கிராண்ட் ஆய்வுக்கான பணம். டாக்டரின் நேரத்துக்கான பணம் அதில் இல்லை. நர்ஸ் கிடைப்பார், டூட்டி குறையாது. அதற்கு உங்கள் துறைத் தலைவரின் மனசு வேண்டும். மூன்றரை நட்சத்திரம்.

ஆனால் அதே ஐசிஎம்ஆரின் கீழ் சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் நடத்தும் ஆன்லைன் அடிப்படை ஆய்வுப் பாடத்துக்கு ஐந்துக்கு ஐந்து. பிஜி மாணவர்களும் ஆசிரியர்களும் கட்டாயத்தின் பேரில் முணுமுணுத்துக்கொண்டே செய்வது அது. முணுமுணுக்காமல் செய்து பாருங்கள். ஆய்வுக் கேள்வியை எப்படிக் குறுக்குவது, சாம்பிள் சைஸ், சார்புப் பிழை எல்லாம் சுருக்கமாக, நம் ஊர் உதாரணங்களோடு இருக்கும். கிராண்டுக்கு எழுதப் போகிறவர்கள் தேர்வுக்காக ஒரு முறை, நிஜமாக ஒரு முறை என்று இரண்டு தடவை கேட்கலாம்.

ஏஎன்ஆர்எஃப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அறிவியல், பொறியியல் ஆய்வுக்கு நிதி தந்த பழைய எஸ்இஆர்பியின் இடத்தில் வந்த மத்திய அரசு அமைப்பு. பிரதமர் பெயரில் ஆரம்பநிலை ஆய்வாளர் நிதி என்று ஒன்று தருகிறார்கள். மூன்றாண்டுக்கு 60 லட்சம் வரை, மேல்செலவு தனி. வயது 42-க்குள், நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். இளம் பொறியியல் பேராசிரியருக்கும் வேதியியல்காரருக்கும் இது அருமையான திட்டம். ஐசியூ டாக்டருக்குச் சட்டை கொஞ்சம் பெரிதாகவும் கை கொஞ்சம் குட்டையாகவும் இருக்கிறது. ஐஐடியில் ஒரு கூட்டாளி இருந்து, வென்டிலேட்டர் அலைவடிவத்தைக் கணினி படிப்பது போன்ற வேலை என்றால் யோசிக்கலாம். நோயாளியைச் சேர்த்துத் தொடர்ந்து பார்க்கும் ஆய்வுக்கு வேறு இடம் பாருங்கள்.

வெளிநாட்டுச் சங்கங்களின் நிதிகள் உண்டு. ஐரோப்பிய தீவிர சிகிச்சைச் சங்கம் இளம் ஆய்வாளர்களுக்கு ஆண்டுதோறும் விருது நிதிகள் அறிவிக்கிறது. அமெரிக்காவின் தீவிர சிகிச்சைச் சங்கமான எஸ்சிசிஎம், தன்னை நிறுவியவர்களில் ஒருவரான மேக்ஸ் ஹாரி வெயில் பெயரில் ஒன்று தருகிறது. பெரும்பாலும் உறுப்பினராக இருக்க வேண்டும். கிடைத்தால் கௌரவம். ஆனால் பணம் இந்தியாவுக்குள் வர உங்கள் மருத்துவமனைக்கு எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை பெறும் சட்டம்) பதிவு வேண்டும், வெளிநாட்டு உதவியோடு நடக்கும் சுகாதார ஆய்வு என்பதால் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழு ஒப்புதலும் வேண்டும். விருதுக் கடிதத்தை ஃப்ரேம் போட்டு மாட்டிவிட்டு, பணத்தைத் தொட முடியாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இவ்வளவு பேசிவிட்டு, என் கைக்கு வந்த நிதி எது என்று சொல்லாமல் விடக்கூடாது. ஒரு தொழில்முறைச் சங்கம் தந்த சின்ன நிதி. சில லட்சம்தான். சொன்னால் கார்டியாலஜி நண்பர்கள் சிரிப்பார்கள். அதை வைத்து என்ன வாங்க முடிந்தது என்று சொன்னால் உங்களுக்கு உதவலாம்.

பூச்சிமருந்து குடித்து வருபவர்களைப் பற்றிய ஆய்வு. பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து எங்களுக்கு அதிகம் வருவார்கள். முதல் நாள் எச்சிலும் வியர்வையும் கண்மணி சுருக்கமுமாக இருப்பார், அட்ரோபின் கொடுத்ததும் தேறிவிடுவார். இரண்டாம், மூன்றாம் நாளில் கழுத்தைத் தூக்க முடியாது, மூச்சுத் தசைகள் களைத்துவிடும். இடைநிலை நோய்க்குறி என்று இதற்குப் பெயர் வைத்து 1987-இல் விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரல்லியத்தவும். இன்றுவரை, யாருக்கு ட்யூபை எடுக்கலாம், யாருக்கு எடுத்தால் இரவில் மறுபடி போட வேண்டி வரும் என்பது பெரும்பாலும் சீனியரின் கைப்பழக்கம்தான். முக்கிய மூச்சுத் தசையான உதரவிதானத்தை அல்ட்ராசவுண்டில் பார்த்து முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதுதான் என் கேள்வி. மெஷின் ஏற்கெனவே இருக்கிறது. புரோப் இருக்கிறது. நோயாளிகள் இருக்கிறார்கள்.

அந்தப் பணத்தில் பெரும்பகுதி ஒரு ரிசர்ச் நர்ஸின் சம்பளத்துக்குப் போனது. எங்கள் ஐசியூவிலேயே வேலை பார்த்த ஒரு சகோதரி, இரவு டூட்டி வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருந்தவர். அவரைச் சேர்த்த பிறகுதான் டேட்டா ஷீட்டில் காலிக் கட்டங்கள் நின்றன. உறவினர்களிடம் அவர் பேசும் விதமே வேறு. "அம்மா, இதனால உங்க பையனுக்குக் கூடுதலா ஊசி ஏதும் இல்ல, வயித்து மேல ஒரு கருவி வச்சுப் பாப்போம், அவ்வளவுதான், வேண்டாம்னா வேண்டாம்" என்பார். நான் மூன்று பக்கத் தாளை வாசித்துக் காட்டுவதைவிட மக்களுக்கு அது புரிந்தது. பூச்சிமருந்து குடித்தவரின் குடும்பம் போலீஸ் கேஸ் பயத்தில் இருக்கும். கையெழுத்து என்றாலே ஒரு அடி பின்னால் போவார்கள். அந்தப் பயத்தைப் போக்குவதற்கென்று எந்த பட்ஜெட் படிவத்திலும் ஒரு வரி கிடையாது.

மீதிப் பணம் கோலினெஸ்டரேஸ் (பூச்சிமருந்து முடக்கும் நொதி) அளக்கும் கிட்டுகளுக்கும் ஒரு புள்ளியியலாளரின் கட்டணத்துக்கும் போனது. புள்ளியியலாளரை ஆய்வு முடிந்த பிறகு தேடாமல் புரொபோசல் எழுதும்போதே சேர்த்துக்கொள்ளுங்கள், பட்ஜெட்டில் அவர் பெயரைப் போடுங்கள். ஓசியில் பார்த்துக் கொடுப்பவர் மூன்றாம் மாதம் போனை எடுக்கமாட்டார். டேட்டா சேகரிக்க ரெட்கேப் என்ற மென்பொருள் இருக்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் உருவாக்கியது, லாப நோக்கமில்லாத நிறுவனங்களுக்கு இலவசம். எக்செல்லில் ஆளுக்கொரு கலர் அடித்து வைத்திருப்பவர்கள் உடனே அதற்கு மாறலாம்.

சிறு நிதியின் உண்மையான பயன் அடுத்த நிதிக்குத்தான். பெரிய இடத்தில் நேர்காணலுக்கு உட்காரும்போது "உங்கள் யூனிட்டில் மாதம் எத்தனை தகுதியான நோயாளி, அதில் எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேர் பாதியில் போனார்கள்" என்று கேட்பார்கள். சிறு நிதி வாங்கியவரிடம் அதற்கு விடை இருக்கும். அது இல்லாதவர்கள் ஐரிஸ் பதிவேட்டில் தங்கள் ஐசியூவைச் சேர்க்கலாம். 2019-இல் தொடங்கிய இந்தியத் தீவிர சிகிச்சைப் பதிவேடு. கொழும்பில் வளர்ந்த அமைப்பின் அனுபவத்தில், வெல்கம் ஆதரவோடு நம் சென்னையிலிருந்து ஒருங்கிணைக்கப்படுவது. தினசரித் தரவு போட ஆள் வேண்டும் என்ற தொல்லை உண்டு. இருந்தாலும் "எங்களிடம் இத்தனை நோயாளிகள் வருகிறார்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல அதைவிட நல்ல வழி இல்லை.

பணம் வந்த பிறகு நடப்பதை யாரும் சொல்லித் தருவதில்லை, அதனால் கொஞ்சம் புலம்பிக்கொள்கிறேன். இன்னொரு ஆய்வில் நான் இணை ஆய்வாளர். நிதி தந்த இடத்தின் பெயர் வேண்டாம். இரண்டாம் ஆண்டுத் தவணை நிதியாண்டு முடிய சில வாரம் இருக்கும்போது வந்தது. மார்ச் 31-க்குள் செலவழித்து யூசி (பணம் செலவானதற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) கொடு, இல்லையென்றால் மிச்சத்தைத் திருப்பு என்றார்கள். தவணை வராத மாதங்களில் பிராஜக்ட் ஊழியருக்குச் சம்பளம் யார் தருவது? எங்கள் மருத்துவமனைக் கணக்குப் பிரிவில் கெஞ்சி முன்பணம் வாங்கினோம். அவர்களும் சும்மா இல்லை, ஒரு ஐஸ் பாக்ஸ் வாங்க மூன்று கொட்டேஷன் கேட்டார்கள். மூன்றாவது கொட்டேஷன் வரும்போது ரத்த மாதிரி அனுப்ப வேண்டிய நாளே போய்விட்டது. எனவே பட்ஜெட் எழுதும்போது பொருட்களைக் குறைத்து ஆட்களை அதிகமாகப் போடுங்கள். தாமதத்தால் பொருள் கைக்கு வராமல் போகலாம். ஆளை நியமித்துவிட்டால் வேலை ஓடிக்கொண்டிருக்கும்.

மருந்து ஆய்வு என்றால் காப்பீட்டையும் பட்ஜெட்டில் போட வேண்டும். 2019-இன் புதிய மருந்து மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின் கீழ் வரும் சோதனையில் தீவிர பாதகம் ஏற்பட்டால் 24 மணி நேரத்துக்குள் அறிக்கை, சோதனையால் வந்த பாதிப்புக்கு இழப்பீடு எல்லாம் உண்டு. ஐசியூவில் இறப்பு அன்றாட விஷயம். ஒவ்வொரு இறப்புக்கும் ஆய்வுக்குத் தொடர்பு இல்லை என்று எழுதிக் காட்டும் வேலை யார் தலையில் விழும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். சிடிஆர்ஐ எனும் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவதை முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன் முடியுங்கள். பின்னால் பதிவு செய்தால் நல்ல இதழ்கள் திரும்பிப் பார்க்காது.

யாருக்கு எது என்று கேட்டால்: டிஎம் முடித்து மூன்று ஆண்டுக்குள் இருப்பவர், அறக்கட்டளை அல்லது அரசுக் கல்லூரியில் இருப்பவர், குடும்பம் ஒத்துக்கொள்கிறது என்றால் இந்தியா அலையன்ஸ். கல்லூரியில் நிரந்தரமாக இருந்துகொண்டு ஒரு நோயைப் பிடித்து வேலை செய்ய நினைப்பவருக்கு ஐசிஎம்ஆர். கார்ப்பரேட்டில் இருப்பவர் சங்கத்தின் சிறு நிதியும் ஐரிஸும் வைத்துத் தொடங்கலாம், பல மைய ஆய்வுகளில் ஒரு மையமாகச் சேரலாம். அதில் பெயர் பின்னால்தான் வரும், ஆனால் எப்படி நடத்துகிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்க்கலாம். மகாராஷ்டிரத்தின் பாராமதியில் ஒரு சிறிய மருத்துவமனை பூச்சிமருந்துக்கு மாற்று மருந்தான பிராலிடாக்ஸிம் பற்றி ஆய்வு செய்து 2006-இல் லான்செட்டில் போட்டது. பிறகு இலங்கையில் நடந்த ஆய்வு அதே மருந்தில் பயன் காணவில்லை, அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை. இரண்டையும் படியுங்கள். பெரிய ஊர், பெரிய கட்டிடம் இல்லாமலும் நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

எந்த நிதிக்குப் போட்டாலும் மருத்துவமனையிடமிருந்து வாங்கும் கடிதத்தில் "முழு ஒத்துழைப்பு நல்குவோம்" என்று பொத்தாம்பொதுவாக எழுத விடாதீர்கள். வாரத்துக்கு எத்தனை நாள் ஆய்வு, மாதத்துக்கு எத்தனை இரவு டூட்டி, அந்த டூட்டியை யார் பார்ப்பார் என்று எண்ணாக எழுதி வாங்குங்கள். எங்கள் யூனிட்டில் ஒருவர் அடுத்த அழைப்புக்குப் பாம்புக்கடியில் ஒரு கேள்வியோடு தயாராகிறார். அவருக்கு மாதம் இரண்டுக்கு மேல் இரவு டூட்டி போடக்கூடாது என்று வரைவு எழுதி நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். ஹெச்ஆரிலிருந்து வந்த முதல் பதில்: "இரண்டா, இருபதா? தெளிவுபடுத்தவும்."